சுத்தியல் சத்தத்தில் வெந்த சோறு

திருச்சானூரில் புதிதாகத் திறந்த ஓட்டலில், ரயில்பாதையிலிருந்து கழித்த பழைய ஸ்லீப்பர் கட்டைகளை அறுத்துப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பையன் ஈரத்துணியால் துடைத்ததும் எழுந்த தார் வாசனையில், புத்தூர் பக்கம் லைனை ஒட்டியிருந்த, எப்போதோ இடித்துவிட்ட எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கே போய்விட்டேன். நைனாவுக்குக் கீமேன் வேலை. விடிந்ததும் தண்டவாளத்தோடு நடந்துபோய், தளர்ந்த ஆப்புகளைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டே திரும்புவார். அந்த டங் டங் தூரத்து வேப்பமரத்தருகே கேட்கும்போது அம்மா அரிசி போடுவாள், வீட்டுக்குப் பக்கத்து ரயில்வே கேட்டில் கேட்டால் வடிப்பாள், சோறு ஒருநாளும் பதம் தப்பியதில்லை.

ஒரு காலை, சத்தம் வேப்பமரத்தோடு நின்றுவிட்டது. அம்மா கரண்டியும் கையுமாக வாசலிலேயே நின்றாள். பாசஞ்சர் வண்டி நீளமாக ஊதிக்கொண்டே வந்து எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றது. தண்டவாளத்தில் விரிசலைப் பார்த்த நைனா, வண்டியை நிறுத்தச் சிவப்புக் கொடியோடு ஓடிவந்திருக்கிறார். அம்மா ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

“சத்தமே இல்லாம எங்க போய்க்கினு இருந்தீங்க? சோறு கொழஞ்சி போச்சி!”

“கொழஞ்சா இன்னா, துன்னலாம் வுடு” என்றார் நைனா, மூச்சு வாங்கிக்கொண்டே.

ரயிலே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா பிடித்த சட்டையை விடவில்லை.