கால் வந்தது, வாய் வரவில்லை

மகளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்ப என் கணவர் பேசி முடித்தார். மறுநாள் காலை எனக்கு இரண்டு கால்களும் எழும்பவில்லை.

"மலையில முனி அடிச்சிருச்சு" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் முனிக்குச் சேவல் அறுத்தார்கள். பதுளை ஆஸ்பத்திரியிலோ நரம்பில் கோளாறே இல்லை என்றார்கள். "நடிக்கிறியா?" என்றார் கணவர்.

ஒரு பெண் டாக்டர் மட்டும், "சின்ன வயசுல ஏதாச்சும் நடந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

பத்து வயதில் நானும் அப்படியொரு வீட்டில் வேலைக்கு நின்றவள். அந்த வீட்டு ஐயா சமையலறைக் கதவைச் சாத்தும்போதெல்லாம், ஓடக் கால் வராமல் நின்றிருக்கிறேன். அந்த டாக்டரிடம்தான் அதை முதன்முதலாகச் சொன்னேன்.

"மகள அனுப்புனா இவங்க நடக்க மாட்டாங்க" என்று மட்டும் டாக்டர் கணவரிடம் சொன்னார்.

மகள் போகவில்லை, நான் எழுந்து நடந்தேன். முனி இறங்கிவிட்டதென்று கணவர் இன்னொரு சேவல் அறுத்தார். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன். கால் வந்துவிட்டது. அவரிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.