முப்பத்தெட்டின் மேல் ஒட்டிய முப்பத்தொன்பது

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் போகும் ஒவ்வொரு சாம்பிளோடும் ஒரு படிவம் போகும். அதை நிரப்பிக் கையெழுத்திடுவது என் வேலை. பதினோராவது கேள்வி, இதைச் செய்ய மேக்‌ஷிஃப்ட் ஏதாவது பயன்படுத்தினீர்களா என்பது. இரண்டு வருடமாக ‘இல்லை’ என்ற கட்டத்தில்தான் டிக் அடித்து வந்தேன். பொய் சொல்வதாகத் தோன்றியதே இல்லை. அந்தச் சொல்லுக்கு மட்டமான ஒட்டுவேலை என்றுதான் பொருள் வைத்திருந்தேன். மட்டமான வேலை எங்களிடம் கிடையாது.

போன மாதம் ஒரு பெண்கள் ஷூவுக்கு முப்பத்தொன்பதாம் சைஸில் சாம்பிள் கேட்டார்கள். ஷூவின் தோலைக் கால் வடிவ பிளாஸ்டிக் அச்சின் மேல் இழுத்துத்தான் உருவாக்குவோம். அதற்கு லாஸ்ட் என்று பெயர். முப்பத்தெட்டு கையில் இருந்தது. முப்பத்தொன்பது வர பத்து நாள் ஆகும். எங்களுக்கு இருந்தது மூன்று நாள். சாம்பிள் ரூமில் ஷூ செய்யும் பாய் முப்பத்தெட்டை எடுத்து, முனையிலும் பக்கங்களிலும் தோல் துண்டுகளை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய், கால் வீங்கிப்போச்சா இதுக்கு?”

“ஜாஸ்தி நடந்திருக்கும் மேடம். நீங்க கையெழுத்து போடுங்க, வத்திடும்.”

நீளத்தை அளந்தேன், சரி. ‘இல்லை’யில் டிக் அடித்தேன். வலதுகால் ஷூ பையருக்குப் போனது. இடது, வழக்கம்போல, எங்கள் அலமாரியில் தங்கியது.

பையருக்குப் பிடித்துவிட்டது. விரல் பகுதி மிக வசதி, மொத்த ஆர்டரும் இதே பொருத்தத்தில் வேண்டும் என்று எழுதினார். பிறகு உண்மையான முப்பத்தொன்பது வந்தது. அதில் செய்த முதல் ஜோடியை அலமாரி ஷூவின் பக்கத்தில் வைத்தேன். விரல் பகுதி நான்கு மில்லிமீட்டர் ஒடுங்கியிருந்தது. அசல், ஒப்புதல் பெற்ற நகலோடு பொருந்தவில்லை. ஒட்டிய லாஸ்டைத் தேடினேன். அந்த முப்பத்தெட்டு உற்பத்தி லைனுக்குத் தேவைப்பட்டதால் பாய் துண்டுகளைப் பிய்த்துவிட்டிருந்தார். எவ்வளவு கனம் ஒட்டினார் என்று யாரும் குறிக்கவில்லை. எல்லாவற்றையும் பட்டியல் போடும் நானும் குறிக்கவில்லை.

வியாழக்கிழமை மொத்த ஆர்டருக்கும் தோல் கட்டிங் தொடங்க வேண்டும். “எவன் ஸ்கேல் வெச்சு பாக்கப் போறான்? வந்த லாஸ்ட்லயே சத்தமில்லாம ஓட்டிடலாம்மா” என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். சரக்கு அங்கே போய் இறங்கியபின் பார்த்தால் மொத்தமும் திரும்பும். படிவத்தில் இருப்பது என் கையெழுத்து.

மாலை வேலூர் சத்துவாச்சாரிக்குத் திரும்பும் பஸ்ஸில் போனில் அகராதியைத் திறந்து ‘மேக்‌ஷிஃப்ட்’ என்று தேடினேன். சரியானது கிடைக்கும்வரை அதன் இடத்தில் வைத்துச் சமாளிப்பது என்று இருந்தது. நல்லதா கெட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை. டைரியை எடுத்து எழுத ஆரம்பித்தேன். கயிறு கட்டிய பஸ் ஜன்னல். எங்கள் பாத்ரூம் கதவாகத் தொங்கும் ஃபிளெக்ஸ் பேனர். மிக்ஸி மூடியாகிவிட்ட எவர்சில்வர் தட்டு. நான்காவதாக என்னையே எழுத வேண்டியிருந்தது. பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக, ஆறு மாதத்துக்கென்று என்னைத் தரப் பரிசோதனையில் உட்கார வைத்தார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. டைரியை மூடினேன், மறுபடி திறந்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன்.

காலையில் யாரையும் கேட்காமல் பையருக்கு மெயில் அனுப்பினேன். பதினோராவது கேள்விக்கு நான் தந்த பதில் தவறு, நீங்கள் ஒப்புக்கொண்டது ஒட்டிய லாஸ்டில் செய்த ஷூ என்று. மத்தியானம் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்பாக்ஸைத் திறந்தேன். பதில் இரண்டே வரி. இரண்டு லாஸ்டிலும் ஒவ்வொரு ஜோடி செய்து அனுப்புங்கள். அதுவரை கட்டிங் வேண்டாம்.

மேனேஜர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பாய்தான் பேசினார்.

“சும்மா இருந்திருக்கலாம்ல மேடம். பேஜாரு. அப்ப கைக்கு வந்ததை ஒட்டினேன். இப்ப அதே மாதிரின்னா எங்க போறது?”

“இடதுகால் ஷூ இருக்கு பாய். அத அளந்து அளந்து ஒட்டலாம்.”

“நல்லா இருக்கே. ஷூவுக்கு லாஸ்ட் செய்யறதா?”

சொல்லிக்கொண்டே பசையைத் திறந்தார். முதல் துண்டை ஒட்டியதும் வெர்னியர் அளவுகோலை வைத்தேன். ஜாஸ்தி. பிய்த்தார். இரண்டாவது கம்மி. அதையும் பிய்த்தார். ஒவ்வொரு எண்ணையும் எழுதிக்கொண்டேன். கட்டிங் ஹாலில் மெஷின்கள் நின்றிருந்தன. சத்தமில்லாத அந்த ஹாலின் பக்கம் நான் திரும்பவில்லை.

“இது?” என்றார் பாய், ஐந்தாவது துண்டை விரலால் அழுத்தியபடி.

“இன்னும் ஒரு தேய் தேய்ங்க.”