உள்ளே ஒன்றுமில்லாத சுவர்

பிச்சைக்கனி அண்ணனைப் போல நேர்மையான கொத்தனாரை நான் பார்த்ததில்லை. அந்த நேர்மைதான் ஒருநாள் அவர் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

திசையன்விளையிலிருந்து திருவனந்தபுரம் வந்து இருபது வருஷம். இங்கே பாதிக் கட்டடம் தன் கைபட்டது என்பார். பாதியைத் தள்ளுபடி செய்தாலும் நிறையத்தான். ஊருக்கு வெளியே பேயாடு என்ற இடத்தில், ஸ்ரீலட்சுமி டீச்சர் வீட்டில் அவருக்குச் சுவர் வேலை, எனக்கு வயரிங். எலிப்பொறிக் கட்டுச் சுவர். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடமாகப் பொள்ளல் விட்டுக் கட்டுவது. கல்லும் கலவையும் மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. எனக்கும் சௌகரியம், சுவரை வெட்டாமல் பொள்ளல் வழியாகவே பைப்பை இறக்கிவிடலாம்.

மேற்குச் சுவரில் பாதியை அண்ணனும் மீதியை உச்சிமாகாளி என்ற கொத்தனாரும் எழுப்பினார்கள். உச்சிமாகாளி பக்கம் பைப் சரசரவென்று இறங்கியது. அண்ணன் பக்கம் ஒரு சாண்கூட இறங்கவில்லை. குத்திப் பார்த்தேன். உள்ளே முழுக்கக் கலவை! நான் போட்ட கத்தலில் இன்ஜினியர் அஜிதா ஓடிவந்துவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது.

"எந்தா அண்ணா இது? டிராயிங் நோக்கலையா?"

"பாத்தேன் மேடம். உள்ள பொள்ளலா விட்டுட்டுக் கூலி வாங்கினா உடம்புல ஒட்டுமா? டீச்சரு நம்மள நம்பியில்லா வீடு கெட்டுதாவ?"

யாரும் இல்லாத நேரம் பார்த்து, திருட்டுத்தனமாக நேர்மையாக இருந்திருக்கிறார் மனுஷன்! கரண்டியைக் கழுவிப் பைக்குள் போட்டார். இனி இங்கே வேலையில்லை என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

அஜிதா விடவில்லை. "நாலு மணி வரெ நில்லுங்க" என்றார். மேற்கு வெயில் நன்றாக ஏறியதும், சுவரின் உள்பக்கம் அண்ணனை ஒரு கையைத் தான் கட்டிய பாதியிலும் மறு கையை உச்சிமாகாளி கட்டிய பாதியிலும் வைக்கச் சொன்னார். அண்ணன் கைகளை வெகுநேரம் எடுக்கவில்லை.

"என் பக்கந்தான் சுடுது மேடம்."

"டீச்சரோட கட்டில் அவிடெதான் போடறது, அண்ணா."

கரண்டி பையைவிட்டு வெளியே வந்தது. "நானே பிரிச்சுக் கெட்டுதேன்" என்றார். சுண்ணாம்புக் கலவை என்பதால் கல் அதிகம் உடையாமல் கழன்று வந்தது. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "எலே ஜெபசிங், நீ சத்தம் போட்டதும் நல்லதுக்குத்தாம்" என்று சிரித்தார்.

கடைசி வரிசைக்கு முன் அண்ணன் டீச்சரைக் கூட்டிவந்து பொள்ளலுக்குள் கைவிடச் சொன்னார்.

"நல்லா பாத்துக்கிடுங்க. உள்ள ஒண்ணும் கெடையாது. பொறவு கொத்தன் ஏமாத்திட்டான்னு சொல்லப்பிடாது."

டீச்சர் முழங்கை வரை விட்டுத் துழாவினார். "ஒண்ணுமில்ல" என்று சிரித்தார்.

எலிப்பொறிக் கட்டில் இப்போது நடப்பது ஐந்தாவது வீடு. வீட்டுக்காரர் கை உள்ளே போய் வராமல் அண்ணன் இன்றுவரை ஒரு சுவரையும் மூடியதில்லை.