உறையில் இல்லாத மூன்று பக்கங்கள்

ஆறு வீட்டுக்குப் பொதுவான எங்கள் படிக்கட்டுக்கு மார்வா குடிவந்து இறங்கிய நாளை நான் மறக்கவில்லை. தொண்ணூற்றொன்றாம் வருடம், ஆகஸ்ட். ஜெர்மனியில் எங்கள் அமெரிக்க ராணுவ முகாம் இருந்த அந்த மலையூரில் ஆகஸ்டிலும் மழைதான். கணவன் ஹோலிஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்க, ஏழு வயது மகள் லெட்டியை ஒரு கையால் பிடித்தபடி வாசலில் நின்றாள். மறு கை கோட்டுக்குள் ஒரு பழுப்புக் காகித உறையை அணைத்திருந்தது. மகள் நனைந்திருந்தாள், உறை நனையவில்லை.

"மாடியில எந்தப் பக்கம் வெயில் வரும்?" என்று கேட்டாள்.

"வெயிலா? அது அடுத்த போஸ்டிங்லதான் கிடைக்கும், ஹனி" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு மூன்று மாடிக்கும் கேட்டது. ஆறு வீட்டுக் கதவும் திறந்தன. அன்று சாயங்காலமே எங்கள் படிக்கட்டு அவளுடையதாகிவிட்டது.

ராணுவக்காரர் மனைவிகள் நட்பை மெதுவாக வளர்ப்பதில்லை. மூன்று வருடத்தில் ஊர் மாற்ற உத்தரவு வந்துவிடும். மார்வா இன்னும் வேகம். அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியாவிலிருந்து இரும்புச் சட்டியைக் கைப்பையில் சுமந்து வந்தவள் அவள். அதில் சோள ரொட்டி சுட்டால் ஆறு வீட்டுக்கும் ஒரு துண்டு போகும். ஆண்கள் மாதக்கணக்கில் பயிற்சிக் காட்டுக்குப் போய்விடும்போது, காய்ச்சல் பிள்ளையைப் பார்ப்பதும் நின்றுபோன காரைத் தள்ளுவதும் அவள்தான். சனிக்கிழமை துணி துவைக்கும் அறையில் மட்டும் யாருக்கும், எனக்கும்கூட, இரக்கம் காட்டமாட்டாள்.

"கார்லீன்! என் முறையில உன் புருஷன் காலுறை மெஷினுக்குள்ள என்னடி பண்ணுது?"

"நீந்துது. எடுத்துக் காயப்போடு" என்பேன்.

"ஜன்னல் வழியா பறக்கவிடுறேன், பாத்துக்கோ!"

இப்படிப்பட்டவள் ஒரு தப்பு செய்தாள். அந்தத் தப்பைக் கண்டும் அவள் முன்னால் காணாதவள்போல் நடித்தவள் நான். யார் பாவம் பெரியது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

முகாம் பள்ளியின் அலுவலகத்தில் மாணவர் பதிவு என் வேலை. எங்கள் பிள்ளைகளின் படிப்பு உறைக்குள்தான் ஊர் விட்டு ஊர் போகும். தபாலை நம்பினால், பிள்ளை நான்காம் வகுப்பில் உட்காரும்போது முதல் வகுப்பு மதிப்பெண் வந்து சேரும். அதனால் பழைய பள்ளி எல்லாத் தாள்களையும் உறையில் போட்டு ஒட்டித் தாயின் கையில் கொடுத்துவிடும். தாய் அதைப் பிரிக்காமல் புதுப் பள்ளியில் கொடுக்க வேண்டும்.

வந்த மறுநாள் காலை மார்வா தன் உறையை என் மேசையில் வைத்தாள். ஒட்டிய மடிப்பு லேசாகச் சுருங்கியிருந்தது. ஆவி காட்டிப் பிரித்துத் திரும்ப ஒட்டினால் காகிதம் அப்படித்தான் சுருங்கும். பிரித்தேன். நான்காம் பக்கத்துக்குப் பிறகு எட்டாம் பக்கம் இருந்தது. மூலையில், தாள்களைச் சேர்த்துக் கம்பி குத்திய துளைகள் இருந்தன. அங்கே கம்பி இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மார்வா லெட்டியின் தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிய முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்தாள்.

"எல்லாம் இருக்கா, கார்லீன்?"

"இருக்கு."

அந்த ஒரு வார்த்தையை நான்தான் சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை.

எந்தப் பக்கம் காணாமல் போகும் என்பது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்குத் தனி ஆசிரியை வேண்டும் என்று எழுதிய பக்கம். அது வெளியே தெரிந்தால், அப்படிப்பட்ட ஆசிரியை இல்லாத ஊருக்குக் குடும்பத்தை அனுப்பமாட்டார்கள். சிப்பாய் மட்டும் போவான். பிள்ளையின் நன்மைக்கான விதிதான். ஆனால் ஹோலிஸ் அதற்கு முந்தைய வருடம் கொரியாவில் தனியாக இருந்துவிட்டு வந்திருந்தான். விமான நிலையத்தில் அவன் கை நீட்டியபோது லெட்டி தாயின் பாவாடைக்குள் ஒளிந்துகொண்டு, "இந்த ஆள் யாரு?" என்று கேட்டாளாம். அன்று மார்வா ஒரு சபதம் செய்தாள், இனி இந்தக் குடும்பம் பிரியக்கூடாது என்று. அடுத்த உத்தரவு வந்தபோது தேநீர்க் கெட்டிலின் ஆவியில் உறையைக் காட்டினாள். 'எந்தச் சிறப்புத் தேவையும் இல்லை' என்ற படிவத்தில் ஹோலிஸ் கையெழுத்திட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. பள்ளிக்கூட விஷயமெல்லாம் எப்போதும் மார்வாதான் பார்த்துக்கொள்வாள்.

லெட்டிக்கு எழுத்துகள் ஓர் இடத்தில் நிற்காது. ஆனால் காதில் விழுந்தது மறக்காது. தாய் ஒரு தரம் கதை வாசித்துக் காட்டினால், மறுநாள் புத்தகத்தைப் பிரித்துவைத்து அப்படியே ஒப்பிப்பாள். இரண்டாம் வகுப்பு முழுவதும் அப்படியே போனது. மூன்றாம் வகுப்பில் ஆசிரியை மிஸஸ் ஓக்ஸ் கண்டுபிடித்துவிட்டாள். குழந்தை பக்கத்தைத் திருப்பாமலேயே அடுத்த பக்கத்தையும் வாசித்துவிட்டது!

வகுப்பே சிரித்தது. லெட்டியும் சேர்ந்து சிரித்தாளாம்.

மார்வா சும்மா இருக்கவில்லை. அடுப்புத் தட்டில் சோள மாவைப் பரப்பி, விரலால் எழுத்து எழுத வைத்தாள். குளிர்பெட்டிக் கதவு முழுக்கச் சொற்களை ஒட்டினாள். தினமும் இரண்டு மணி நேரம். ஒரு நாள் ஒரே சொல்லைப் பதினோராவது தடவையும் லெட்டி தப்பாகச் சொல்ல, பளார் என்று ஓர் அறை விழுந்தது. அன்று துணி துவைக்கும் அறைக்கு நான் போனபோது, ஓடாத மெஷின் மேல் தலை சாய்த்து அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"என் கையை வெட்டிப் போடணும், கார்லீன்."

"பிள்ளைன்னா ஒரு அடி விழத்தான் செய்யும். விடு."

"உனக்குத் தெரியாது. உனக்கு ஒண்ணுமே தெரியாது."

எனக்குத் தெரியும். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். கூடையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

வாசிப்பதில் என்ன சிக்கல் என்று பிள்ளையைப் பரிசோதிக்கலாமா என்று பள்ளி ஒரு தாள் அனுப்பியது. மார்வா கையெழுத்திடவில்லை. நினைவூட்ட வேண்டியவள் நான், நானும் நினைவூட்டவில்லை. தொண்ணூற்று மூன்றாம் வருடம் மே மாதம் பெற்றோரைச் சந்திக்கும் நாள் வந்தது. அலுவலகத்துக்கும் வகுப்புக்கும் நடுவே கதவு திறந்தே கிடந்ததால் மிஸஸ் ஓக்ஸ் பேசியது எனக்கும் கேட்டது.

"கெட்டிக்காரப் பொண்ணு. ஆனா உழைக்க மாட்டேங்கிறா. இன்னொரு வருஷம் மூணாம் வகுப்பே படிக்கட்டும். முன்னாடி இருந்த ஸ்கூல்ல ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லைங்க, மேடம்."

வெளியே வந்த மார்வா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையை வயிற்றோடு அழுத்தியபடி லெட்டியை இழுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். அந்தப் பைக்குள் அன்று அந்த மூன்று பக்கங்களும் இருந்தன. கொடுத்துவிடத்தான் வந்தாளாம். அதற்கு முன்பும் இரண்டு தடவை கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோயிருக்கிறாள்.

மணி ஐந்து. கார் பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் ஊதுகுழல் ஒலித்தது. கொடி இறங்கும் நேரம். முகாமுக்குள் எந்த வண்டியும் அப்போது நகரக்கூடாது. எல்லோரும் இறங்கி, கொடிக்கு முகம் காட்டி, நெஞ்சில் கை வைத்து அசையாமல் நிற்க வேண்டும். நான் பள்ளிப் படியில் நின்றேன். மார்வா காரிலிருந்து இறங்கி நின்றாள். பக்கத்தில் லெட்டி தன் சின்னக் கையை நெஞ்சில் வைத்து நின்றாள்.

அந்த நேரத்தில் பேசக்கூடாது. லெட்டி உதடு அசையாமல் கேட்டாளாம்:

"அம்மா, அப்பாவுக்கு அடுத்த ஆர்டர் எப்ப வரும்?"

"எதுக்கு, பேபி?"

"புது ஸ்கூல்ல நான் மக்குன்னு யாருக்கும் தெரியாதில்ல."

ஊதுகுழல் ஓய்ந்தது. மற்ற வண்டிகள் புறப்பட்டன. மார்வாவின் கார் மட்டும் வழியை மறித்து நின்றது. பின்னால் ஒருவன் ஒலி எழுப்பினான்.

"என்னம்மா, கொடியை மடிச்சு வைக்கிற வரைக்கும் நிப்பீங்களா?" என்று கத்தினான்.

அவள் காதில் எதுவும் விழவில்லை. கார்க் கதவைத் திறந்தே போட்டுவிட்டு, லெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். என் முன்னால் வந்து பையைத் திறந்தாள். மூன்று தாள்கள். மடித்து மடித்து, மடிப்புகள் கிழிந்திருந்தன.

பிறகு என் கண் முன்னாலேயே மகளுக்கு எதிரே மண்டியிட்டாள்.

"லெட்டி, நீ மக்கு இல்ல. உனக்கு எழுத்து வேற மாதிரி தெரியுது. அதுக்குன்னே சொல்லிக்கொடுக்கிற டீச்சர் இருக்காங்க. அம்மாவுக்கு அது தெரியும். அம்மாதான் ஒளிச்சு வச்சேன்."

"எப்பலேருந்து தெரியும்?"

"இங்க வர்றதுக்கு முன்னாடியிருந்து."

லெட்டி அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்போம். "அன்னிக்கு அடிச்சப்பவும் தெரியுமா?" என்று கேட்டாள்.

மார்வா மண்டியிட்டபடியே தாள்களை என்னிடம் நீட்டினாள்.

தாள்களை வாங்கி, அலுவலகத்தில் லெட்டியின் கோப்பை எடுத்து, நான்காம் பக்கத்துக்கும் எட்டாம் பக்கத்துக்கும் நடுவே வைத்தேன். துளையோடு துளை பொருந்தியது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹோலிஸ் பயிற்சிக் காட்டிலிருந்து சேற்றுக் காலணியோடு வந்தான். எங்கள் சுவர்கள் மெல்லியவை. சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் குரல் உடைந்துதான் கேட்டது.

"என் கையெழுத்து பொய்யாப் போச்சு, அது கிடக்கட்டும். சோம்பேறின்னு திட்டினேனே மார்வா. என் பிள்ளைய, என் வாயாலேயே. நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டுதானே இருந்த?"

"இருந்தேன்."

"அப்பவாவது சொல்லியிருக்கக்கூடாதா?"

திங்கட்கிழமை அவனே தன் அதிகாரியிடம் போய்ச் சொன்னான். எழுத்தில் கண்டனம் வந்தது. அந்த வருடப் பதவி உயர்வு போனது. எங்கள் ஊரில் லெட்டிக்கு வேண்டிய ஆசிரியை இல்லை. முடிவு இதுதான்: தாயும் மகளும் ஜூன் மாதம் ஜார்ஜியா திரும்ப வேண்டும், ஹோலிஸ் இன்னும் பதினான்கு மாதம் இங்கே தனியாக இருக்க வேண்டும். எதற்குப் பயந்து மார்வா உறையைப் பிரித்தாளோ அதுவே நடந்தது. நடுவில் குழந்தையின் இரண்டு வருடம் மட்டும் வீணாய்ப் போயிருந்தது.

விமான நிலையத்துக்குப் போகும் பேருந்து எங்கள் வாசலுக்கு வந்த காலையில், புது உறையைக் கொண்டுபோய் மார்வாவிடம் கொடுத்தேன். இந்தத் தடவை கனமாக இருந்தது. ஹோலிஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது.

"மார்வா, நீ உறையைக் கொடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். பக்கம் குறையுதுன்னு பார்த்தேன். உன்னைக் காப்பாத்துறதா நினைச்சுக்கிட்டேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுமா?" என்றாள். "ஒரு காலுறைக்கு எவ்வளவு சண்டை போடுவோம் நாம. இதுக்கு ஒரு சண்டை போட்டிருக்கக்கூடாதா, கார்லீன்?"

கட்டிப்பிடித்தாள். ஆனால் முன்புபோல இறுக்கவில்லை. இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

செப்டம்பரில் ஜார்ஜியாவிலிருந்து லெட்டியின் புது ஆசிரியையின் யோசனை வந்தது. பாடத்தை யாராவது வாசித்துப் பதிவு செய்து கொடுத்தால், அதைக் கேட்டபடியே லெட்டி விரல் வைத்து எழுத்தைத் தொடரலாம். தானே வாசித்து அனுப்புவதாகச் சொல்லி ஹோலிஸ் என் வீட்டுக் கதவைத் தட்டினான். அதே பாடப் புத்தகங்கள் எங்கள் பள்ளியிலும் இருந்தன. ஒலிப்பதிவுக் கருவியையும் நான் எடுத்து வந்தேன். ஞாயிறு மதியங்களில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பீரங்கி வண்டி ஓட்டும் அந்தப் பெரிய மனிதன் மண்புழுவைப் பற்றி வாசிப்பான்.

"மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது..." நிறுத்துவான். "நிஜமாவா, மிஸ் கார்லீன்?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க படிங்க. புழு காத்துட்டிருக்கு."

நான்காவது வாரம் ஒரு கதை வந்தது. அதில் ஒரு பெண் பேசவேண்டும். "இதை நீங்க படிங்க, என் குரல்ல கேட்டா அவ சிரிப்பா" என்று ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளினான். சிவப்பு விளக்கு எரிந்தது. புத்தகத்தில் இருந்த வரி என் கண்ணில் நிற்கவில்லை.

"லெட்டி, நான் மிஸ் கார்லீன் பேசுறேன்" என்றேன். "நீ இங்க ஸ்கூல்ல சேர்ந்த அன்னிக்கு உன் உறையைத் திறந்தது நான். மூணு பக்கம் இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுது. நான் எதுவும் கேக்கல. தப்பு உங்கம்மா ஒருத்தர் மேல மட்டும் இல்ல. என்னை மன்னிக்கணும்னு அவசியம் இல்ல. நீ தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

ஹோலிஸுக்கு அது அன்றுதான் தெரியும். முகம் இறுகிப்போனது. அவன் விரல் நிறுத்தும் பொத்தான் மேலேயே இருந்தது. நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றும் சத்தம் எனக்கு இடிபோலக் கேட்டது.

அவன் பொத்தானை அழுத்தவில்லை. விரலை எடுத்துப் புத்தகத்தின் மேல், அந்தப் பெண் பேசும் வரிக்குக் கீழே வைத்தான்.

"படிங்க" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "அவ காத்துட்டிருப்பா."

படித்தேன்.