கீறல் விழாத பூட்டு

பூட்டுக்காரருக்கு ஒரு திமிர் உண்டு. அவர் திறந்த பூட்டில் கீறல் விழாது. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்கள் ஆள் அனுப்பினால் தோல்பையோடு வருவார், மண்டி போட்டு உட்காருவார், கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு மெல்லிய கம்பிகள், அவ்வளவுதான். பூட்டுக்குள்ளே லீவர் என்று சின்னச் சின்னத் தகடுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் அது அது நிற்கவேண்டிய உயரத்துக்குத் தூக்கிவிட்டால் கதவு தானாகத் திறக்கும். "திருடனாப் போயிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பீங்க" என்று பெண்சாதி கேலி செய்வாள். "போடி, திருடன் கீறல் போடுவான்" என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கடைக்கு ரிப்பேருக்கு வருகிற பூட்டு எதுவானாலும், என்ன கோளாறு, எதனால் வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். பிறகு யாரும் வந்து மல்லுக்கட்டக் கூடாது பாருங்கள்.

போலீஸ் ஸ்டேஷனிலும் பூட்டிய வீட்டைச் சோதனை போடவேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இன்ஸ்பெக்டர் கோர்ட் உத்தரவைக் காட்டுவார், இவர் திறப்பார், விலகி நிற்பார். இருபது வருஷம் அப்படித்தான் போனது.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஜீப் வந்தது. "பையை எடுத்துக்கிட்டு ஏறுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். ஜீப் போய் நின்றது கணக்கு வாத்தியார் வீட்டு வாசலில். பூட்டுக்காரருடைய மகள் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். அவளைத் தினமும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு உட்கார்த்தி வைத்து, ஒரு பைசா வாங்காமல் கரையேற்றியவர் அந்த வாத்தியார்தான்.

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்குப் பகல் டியூட்டி. கதவு பூட்டியிருந்தது.

"சார், கோர்ட் உத்தரவு...?" என்று இழுத்தார் பூட்டுக்காரர்.

"நீ எப்பய்யா வக்கீல் ஆன? திற."

மண்டி போட்டார். கண்ணை மூடினார். இன்ஸ்பெக்டர் தலைக்கு மேலே நின்றுகொண்டு "சீக்கிரம்யா, சீக்கிரம்" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். ஒரு கணம் கம்பி நழுவியது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு லீவர் வளைந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. கதவு திறந்தது. வெளியே பார்த்தால் ஒரு கீறல் கிடையாது.

உள்ளே போய் எடுத்து வந்தது என்ன? பெரிய வெடிகுண்டு ஒன்றுமில்லை, ஒரு நாற்பது பக்க நோட்டு. ஊரில் விசாரணைக்கு என்று யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், எந்தத் தேதியில், அவர்களில் யார் யார் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள் என்று வாத்தியார் வரிசையாக எழுதி வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு கழித்தல். வராதவர்கள் பதினேழு பேர். கணக்கு வாத்தியார் வேறென்ன செய்வார்? அன்று சாயங்காலமே பதினெட்டாவது ஆளாக அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அரசாங்கத்துக்கு எதிராகச் சதி என்று வழக்கு.

வழக்கில் ஒரு சிக்கல் இருந்தது. பூட்டிய வீட்டை உத்தரவில்லாமல் திறந்து எடுத்த பொருள் கோர்ட்டில் செல்லாது. நோட்டு செல்லாது என்றால் வழக்கே இல்லை, வாத்தியார் வீட்டுக்குப் போகலாம். பூட்டுக்காரர் பையோடு ஜீப்பிலிருந்து இறங்கியதை மட்டும் எதிர் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அதனால் இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாகச் சொன்னார்: "கூப்பிட்டாங்க, போனேன், கதவு திறந்தே இருந்துச்சு, எனக்கு அங்க வேலையே இல்லைன்னு சொல்லு. போன வருஷம் நகைக்கடைத் திருட்டு ஞாபகமிருக்கா? கள்ளச்சாவி போட்டவனை இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

சாட்சிக் கூண்டில் ஏறினார். "கதவு எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். "திறந்திருந்ததுங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு என்ன எடை என்று அந்த மனுஷனுக்கு அப்போது தெரியுமா? தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயம் அப்படி.

நான்தான் பூட்டிவிட்டுப் போனேன் என்று நர்ஸம்மா சத்தியம் பண்ணினாள். மனைவி கணவனுக்குப் பரிந்துதான் பேசுவாள் என்று ஒதுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து சாவி சரியாகச் சுற்றுவதில்லை என்றாள். நீதிபதி பூட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். கீறல் எங்கே? பளபளவென்று இருந்தது. பூட்டு பழசாகியிருக்கும் என்று எழுதிவிட்டார். அரைகுறையாக வேலை செய்கிற ஆள் திறந்திருந்தால் அந்தப் பூட்டே சாட்சி சொல்லியிருக்கும். வாத்தியாருக்கு ஒன்பது வருஷம்.

வழக்கு மேலே மேலே போய், மூன்று வருஷம் கழித்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இப்போது அது ஒரு வாத்தியாரின் வழக்கு மட்டும் இல்லை. ஒருவன் வீட்டு வாசலில் அரசாங்கம் எங்கே நிற்கவேண்டும் என்று ஐந்து நீதிபதிகள் முடிவு சொல்லப்போகிறார்கள் என்று தினமும் பேப்பரில் வந்தது. பூட்டுக்காரர் ஒரு எழுத்து விடாமல் படித்தார். சோறு இறங்கவில்லை.

"என்னங்க, ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் பெண்சாதி.

சொன்னார். அதுவரை அவளிடம்கூடச் சொன்னதில்லை. அவள் எழுந்துபோய் அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க. உள்ள வெச்சா வெக்கட்டும், நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

ரயிலேறித் தலைநகரத்துக்குப் போனார். வாத்தியாரின் வக்கீல் சின்ன வயதுப் பெண். காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேம்மா. கதவு பூட்டியிருந்தது. நான்தான் திறந்தேன்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "இங்க சாட்சிக் கூண்டே கிடையாதுங்க ஐயா. கீழ்க் கோர்ட்டுல என்ன பதிவாச்சோ அதுதான் நடந்தது. அதுக்கு மேலதான் இவங்க சட்டம் பேசுவாங்க." பிறகு, "இதை மூணு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். பூட்டுக்காரர் அழுதுவிட்டார்.

ஆனாலும் அவள் விடவில்லை. மறுநாள் நீதிபதிகள் முன்னால் கேட்டுப் பார்த்தாள். "இந்தக் கட்டத்தில் புதிய சாட்சியம் ஏற்பதற்கில்லை" என்றார் தலைமை நீதிபதி. கோபமாகக்கூட இல்லை, பஸ்ஸில் இடமில்லை என்பதுபோலச் சொன்னார்.

பூட்டுக்காரர் பார்வையாளர் வரிசையில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோல்பையை வாசலிலேயே காவலர்கள் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள், மடி வெறிச்சென்று இருந்தது. நீதிபதிகள் படித்தவர்கள், பொறுமைசாலிகள், நல்ல நல்ல கேள்வியாகத்தான் கேட்டார்கள். ஆனால் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றார்கள். "கதவுதான் திறந்திருந்ததே?" என்றார் ஒருவர். "பூட்டில் அடையாளமும் இல்லையே" என்றார் இன்னொருவர்.

பூட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "பூட்டியிருந்துச்சு ஐயா! நான்தான் திறந்தேன்! எனக்குக் கீறல் விழாது ஐயா!"

நீதிபதிகளுக்குக் கீழே உட்கார்ந்து பேச்சையெல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பூட்டுக்காரர் அதைப் பார்த்தார். தலைமை நீதிபதி, "பெரியவரே, உட்காருங்க" என்றார் தன்மையாக. இரண்டு காவலர்கள் வந்து தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார்கள். கதவு சாத்துவதற்குள் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாளின் விரல்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. அவர் பேசியது பதிவில் ஏறவில்லை.

மூன்று நீதிபதிகள் ஒரு பக்கம், இரண்டு பேர் மறு பக்கம். திறந்திருக்கும் வீட்டுக்குள் நுழைய அதிகாரிக்கு உத்தரவு தேவையில்லை, கதவு எப்படி இருந்தது என்று அதிகாரி எழுதுவதை நம்பவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வாத்தியாரின் ஒன்பது வருஷம் ஒன்பது வருஷமாகவே நின்றது. அதற்குப் பிறகு பூட்டுக்காரரை ஸ்டேஷனிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிடவேண்டும்? கடப்பாறையால் நெம்பிவிட்டு 'கதவு திறந்திருந்தது' என்று எழுதினால் முடிந்தது. நாடு முழுக்க அந்த வரியை எழுதினார்கள். ஊரில் சனங்கள் அவர் கடைக்கு வந்து இரட்டைத் தாழ்ப்பாளும் பெரிய பூட்டுமாக வாங்கிப் போனார்கள். வாங்குகிறவர்கள் முகத்தை அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் காலை, நர்ஸம்மா கடை வாசலில் நின்றாள். டியூட்டி உடுப்போடு இருந்தாள். ஆசாரியை வைத்துக் கதவிலிருந்து கழற்றிய பூட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"இதைச் சரி பண்ணணும். சாவி மட்டும் மாறக்கூடாது" என்றாள். "அவரோட சாவி ஜெயில்ல, சட்டை செருப்போட ஒரு பையில கட்டி வெச்சிருக்காங்க. வர்ற அன்னிக்கு யாரும் வந்து திறந்துவிடக் கூடாதாம், அவரே திறந்துக்கிட்டு உள்ள வரணுமாம். இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு."

பூட்டுக்காரர் வாங்கி மேசைமேல் வைத்துப் பிரித்தார். மூன்றாவது லீவர், நினைத்த இடத்தில், ஒரு நூல் அளவு வளைந்திருந்தது. எடுத்துத் தட்டி நிமிர்த்தினார். எண்ணெய் விட்டு அடுக்கி மூடினார். அவள் தன் சாவியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"சீட்டு குடுப்பீங்களாமே" என்றாள்.

பென்சிலை எடுத்தார். 'பூட்டியிருந்த பூட்டை வெளியிலிருந்து கம்பி விட்டுத் திறந்ததால் லீவர் வளைந்தது. திறந்தது நான்' என்று எழுதினார். திறந்த அந்தத் தேதியையும் போட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நர்ஸம்மா இரண்டு தடவை படித்தாள். திட்டுவாள் என்று அவர் நினைத்தார். கையில் இருக்கிற பூட்டாலேயே மண்டையில் போட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் சீட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே வழி கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"இதை நான் இப்ப எங்க கொண்டுபோய்க் குடுக்கறது?"

பிறகு அவளே சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பூட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனாள்.