வாழைக்குத் திருப்பிய தண்ணீர்

பிரசவத்துக்கு வவுனியாவுக்கு வந்த மகளுக்காக, எங்கள் குளியலறையில் சுடுதண்ணீர் ஹீட்டர் பூட்டினோம். பூட்ட வந்த வயரிங்காரர் மீது எனக்கு முதலிலேயே சந்தேகம். வெளியே நிலத்தில் ஒரு கம்பியை இறக்கி, குளிக்கிற தண்ணீர் அதனடிக்குப் போகும்படி வாய்க்காலும் வெட்டினார்.

"அம்மா, இது எர்த் கம்பி. ஹீட்டரில கரண்ட் கசிஞ்சால் நிலத்துக்குள்ள இறக்கிவிடும். இந்த இடம் காயக்கூடாது. காய்ஞ்சால் கரண்ட் அடிக்கும்" என்றார்.

"கம்பி என்ன துளிர்க்கவே போகுது? படிக்காதவள் எண்டு பேய்க்காட்டுறார்" என்று கணவரிடம் முணுமுணுத்தேன். வயரிங்காரர் போனதும் வாய்க்காலை வாழைக்குத் திருப்பிவிட்டேன்.

ஆவணி வெயிலில் நிலம் வெடித்தது. ஒருநாள் குழந்தையைக் குளிப்பாட்ட மகள் குழாயைத் திறக்கப் போனாள். "பொறு பிள்ளை, நான் சூடு பாக்கிறன்" என்று முந்திக் கைவைத்தேன். கரண்ட் தூக்கி எறிந்தது. கணவர் ஓடிப்போய் மெயினை நிறுத்தினார்.

வயரிங்காரர் வந்து, ஹீட்டருக்குள் வயர் ஒன்று உரசியிருந்ததைச் சரிசெய்தார். பிறகு வெளியே பார்த்தார். "வாழை நல்லா நிக்குது, அம்மா" என்றார்.

இப்போது குளித்த தண்ணீர் கம்பிக்கு, குசினியில் பாத்திரம் கழுவின தண்ணீர் வாழைக்கு. அவர் மீதிருந்த சந்தேகம் போய்விட்டது. ஹீட்டர் மீது போகவில்லை. தண்ணீர் சுட்டதும் மெயினை நிறுத்திவிட்டுத்தான் மகளை உள்ளே விடுகிறேன்.