ஒரே விஜயதசமியில் ஐந்து வகுப்புகள்

விஜயதசமி அன்று தொடங்கிய படிப்பு பாதியில் நிற்காது என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். அன்றைக்கு ஸ்ரீரங்கத்து வீதிகளில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தட்டும் கையுமாகப் பெற்றோர் போய்க்கொண்டிருப்பார்கள். புத்தியுள்ளவர்கள் ஒரு பிள்ளையை ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் வடை பாயசத்தோடு சாப்பிட்டுத் தூங்குவார்கள். நான் என் ஏழு வயது மகளை ஒரே நாளில் ஐந்து வகுப்புகளில் சேர்த்தேன்.

காரணம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருந்தது. அங்கே என் மகள் வயதுப் பையன் ஒருவன் ஹிந்தி பேசினான், கீபோர்டு வாசித்தான், கண்ணை மூடிக்கொண்டு ரூபிக்ஸ் க்யூபைத் திருப்பி நிறம் சேர்த்தான். அவன் அப்பா இதையெல்லாம் தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார். நானும் தினமும் முதல் ஆளாகப் பார்ப்பேன். பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால் என் மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எறும்புக்குச் சர்க்கரை வைத்துக்கொண்டிருப்பாள். உடனே போனில் வகுப்பு விளம்பரங்களைத் தேடுவேன்.

ஆகவே, விஜயதசமி அன்று காலையில் ஆட்டோ பிடித்தேன். உத்திர வீதியில் ஹிந்தியும் பாட்டும், அடுத்த தெருவில் நாட்டியம், திருவானைக்கோவிலில் அபாகஸ், காவிரிப் பாலம் தாண்டித் தில்லை நகரில் செஸ். ஐந்து தட்டுகள். பாட்டு மாமி தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பெருமாள் கிருபையில க்ஷேமமா இருக்கணும்" என்றார். அபாகஸ் வரவேற்பில் இருந்த பெண்ணுக்குத் தட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் வைத்தாள். செஸ் கோச் டிராக் பேண்ட்டில் நின்றுகொண்டிருந்தார். மகளை அவர் காலில் விழச் சொன்னதும் பதறிப்போய் இரண்டடி பின்னால் போனார். "சார், சார், அதெல்லாம் வேணாங்க" என்றார். நான் விடவில்லை.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அன்று மாலை பட்டியலைக் கேட்டுவிட்டு, "ஏழு வயசுப் பிள்ளைக்குக் கூட்டல் போட விரல் பத்தாதா?" என்றாள்.

"பொழுது நல்லபடியாப் போகும்ல" என்றேன்.

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் விற்கும் கடை ஒன்று எனக்கும் தம்பிக்கும் இருக்கிறது. மாலையில் தம்பியிடம் கடையை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் பறந்து வருவேன். நான் கிளம்பிய பிறகுதான் கடையில் நிம்மதியாக வியாபாரம் நடக்கிறது என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். திங்களும் புதனும் ஹிந்தி, பிறகு பாட்டு. செவ்வாயும் வியாழனும் அபாகஸ், பிறகு நாட்டியம். வெள்ளிக்கிழமை செஸ். சனிக்கிழமை மறுபடி ஹிந்தி. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று சொல்ல ஆசைதான்; அன்று எல்லாவற்றுக்கும் வீட்டுப் பயிற்சி. டைம்டேபிளை நான்கு நிறத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன். ஐந்தாவது நிறத்துக்குப் பேனா கிடைக்கவில்லை என்பது மட்டுமே என் குறை.

வண்டியின் கொக்கியில் எப்போதும் மூன்று பைகள் தொங்கும். ஒரு நாள் பை மாறி, செஸ் வகுப்பில் மகள் சலங்கையை எடுத்து வைத்தாள். டப்பாவில் இட்லியைச் சின்னதாக நறுக்கிப் போட்டு, சிக்னல் விழும்போது ஒரு துண்டு என்று ஊட்டினேன். பாலத்தில் போகும்போது பின்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். விழுந்துவிடக் கூடாதென்று மனைவியின் துப்பட்டாவால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன். ஒரு முறை பக்கத்து வண்டியில் வந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "குழந்தைக்குக் காய்ச்சலுங்களா? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

"இல்லைங்க, செஸ்ஸுக்குப் போறோம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. மார்கழியில் ஒரு நாள் மட்டும், கீழே பார்க்கிங்கில் பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்டு, "அப்பா, இன்னைக்கு ஒரு நாள் கீழ போகட்டுமா?" என்றாள். "விஜயதசமி அன்னைக்கு ஆரம்பிச்சது பாப்பா. நடுவுல விடக் கூடாது" என்று கண்ணை உருட்டினேன். ஒரு நாள் விளையாடினால் சரஸ்வதி வீட்டைக் காலி செய்துவிடுவாள் என்பதுபோல. அதன் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஹிந்தி வகுப்பில் பெற்றோரும் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். மாசி மாதத்தில் அப்படி ஒரு சனிக்கிழமை. இரண்டாம் மாடிக்காரரும் மகனோடு வந்திருந்தார். அவருக்கு முந்தின வரிசையில் நான் இடம் பிடித்து, ஸ்டேட்டஸில் போட போனைத் தயாராக வைத்திருந்தேன். 'நேற்று நான் என்ன விளையாடினேன்' என்று ஒவ்வொரு பிள்ளையும் ஹிந்தியில் நான்கு வாக்கியம் சொல்ல வேண்டும். இரண்டாம் மாடிப் பையன் கிரிக்கெட் ஆடியதையும் பந்து சாக்கடையில் விழுந்ததையும் கடகடவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

என் மகள் எழுந்து நின்றாள். நான் போனில் பதிவை ஓடவிட்டேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

"ஷட்டில் சொல்லும்மா... கேரம் சொல்லு... பந்து, பந்து" என்று பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தேன்.

"அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் ஹிந்தி மிஸ். பிறகு மகளிடம், "ஹிந்தி வரலைன்னா பரவாயில்ல கண்ணு. தமிழ்லயே சொல்லு. நேத்து என்ன விளையாடினே?"

"நேத்து செஸ் மிஸ்."

"செஸ் விளையாட்டுதானே? அதையே சொல்லு."

"இல்ல மிஸ். அது கிளாஸ். ஒர்க்‌ஷீட் போட்டோம்."

"சரி, அதுக்கு முந்தின நாள்?"

"அபாகஸ். அப்புறம் டான்ஸ்."

"அதுக்கும் முன்னாடி?"

"இங்கதான் மிஸ் இருந்தேன்" என்றாள். அவளுக்கே அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். விரலை மடக்கி ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கி எண்ணினாள். இரண்டு கையும் தீர்ந்த பிறகு, "ஞாபகம் இல்ல மிஸ்" என்றாள்.

மிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி, விளையாடிட்டு வந்து சொல்லு. நான் காத்திருக்கேன்" என்று சொல்லி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

அப்போதே எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. வரவில்லை. இரண்டாம் மாடிக்காரர் முன்னால் மானம் போய்விட்டதே என்றுதான் கொதித்தது. ஸ்கூட்டரில் ஏறியதும், "ஷட்டில் விளையாடினேன்னு சும்மா சொன்னா என்ன? யாரு வந்து பார்க்கப்போறா?" என்று கத்தினேன்.

"அது பொய்தானேப்பா" என்றாள் பின்னாலிருந்து.

நான் வண்டியை வேகமாக முறுக்கினேன்.

மாலையில் மனைவி அந்த வீடியோவைப் போடச் சொன்னாள். பதிவை நிறுத்தாமல் போனை மடியில் வைத்திருந்ததால் எல்லாமே பதிவாகியிருந்தது. அதில் என் மகளின் குரலைவிட என் குரல்தான் அதிகம். ஷட்டில், கேரம், பந்து என்று ஒரு மனிதன் காய்கறி விற்பதுபோல் கூவிக்கொண்டிருந்தான். நடுவே ஒரு சின்னக் குரல், இரண்டு கை விரலையும் எண்ணி முடித்துவிட்டு, ஞாபகம் இல்லை என்றது. நான் மறுபடி பார்த்தேன். மூன்றாம் முறை போட்டபோது மனைவி போனை வாங்கி வைத்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மகள் பொய் சொல்ல மறுத்ததைக்கூட நான் குற்றமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஒரு கிளாஸ் மட்டும் போதும் பாப்பா. எது வேணும்னு நீயே சொல்லு" என்றேன். நாட்டியம் என்பாள் என்று மனத்துக்குள் பந்தயம் கட்டியிருந்தேன். சலங்கையென்றால் அவளுக்குப் பிடிக்கும்.

"ஹிந்தி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்று அவ்வளவு பேர் முன்னால் நின்ற இடம். "ஏன்டா?"

"மிஸ் காத்திருக்கேன்னு சொன்னாங்கல்ல? இன்னைக்கு விளையாடிட்டு நாளைக்குப் போய்ச் சொல்லணும்."

இத்தனை மாதங்களாக அவளை ஏற்றி இறக்கியதில் எந்த நாளும் நான் அவளிடம் 'என்ன விளையாடினே' என்று கேட்டதில்லை. 'என்ன சொல்லிக்கொடுத்தாங்க' என்று கேட்பேன். 'எத்தனை மார்க்' என்று கேட்பேன்.

மற்ற நான்கு இடங்களுக்கும் அன்றே சொல்லிவிட்டேன், சூடு ஆறினால் மனம் மாறிவிடும் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். செஸ் கோச்சுக்குப் போன் செய்தபோது, "எந்தப் பாப்பா சார்?" என்று கேட்டார். அவர் காலில் விழுந்த பாப்பா என்று சொன்ன பிறகுதான் அடையாளம் தெரிந்தது. பாட்டு மாமியிடம் நேரில் போய், விஜயதசமியில் தொடங்கியதை நிறுத்துவது தோஷமா என்று இழுத்தேன். மாமி சிரித்தார். "கொழந்தை ஆசைப்பட்டா அவளே வருவா. நீங்க ஆத்துக்குப் போய்ப் படுத்துத் தூங்குங்கோ" என்றார்.

மாலை ஐந்து மணிக்கு மகள் கீழே போனாள். நான் பால்கனியில் நின்றேன். பிள்ளைகள் 'கல்லா மண்ணா' ஆடிக்கொண்டிருந்தார்கள்; கல்மேல் ஏறி நின்றால் பிடிக்கக் கூடாது. இவளை வெகுநாளாகப் பார்க்காததால், ஒரு பெரிய பெண் இவளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டாள். பிடித்தாலும் கணக்கில்லை, பிடிபட்டாலும் கணக்கில்லை. அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அரை மணி நேரம் அப்படியே ஓடினாள். பிறகு யாரோ ஒரு பிள்ளை வீட்டுக்குப் போக, இவளையும் நிஜ ஆட்டத்தில் சேர்த்தார்கள். இரண்டே நிமிடத்தில் மண்ணில் நின்று மாட்டிக்கொண்டாள். பக்கத்திலேயே கல் மேடை காலியாக இருந்தது. "அங்க கல்லு..." என்று நான் வாயைத் திறந்தபோது, மனைவி பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

மகள் அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் சிரிப்பு மறைந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டினேன். திரும்பி ஓடிப்போனாள்.

திங்கட்கிழமை ஹிந்தி வகுப்பில் மிஸ் கேட்பதற்குள் அவளே கையைத் தூக்கினாள். நான் வெளியே படிக்கட்டில் நின்று கேட்டேன். நிறுத்தி நிறுத்தி நான்கு வாக்கியம் சொன்னாள். எனக்கு விளங்கியது 'பிதாஜி' என்ற ஒரு சொல்தான்.

திரும்பும் வழியில், "என்னைப் பத்தி என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"கல்லா மண்ணா விளையாடினேன். அவுட் ஆயிட்டேன். அப்புறமும் விளையாடினேன். அப்பா திட்டலை. அவ்வளவுதான்."

அவளுக்குக் கொடுத்தது நான்கே வாக்கியம். அதில் ஒன்று நான் திட்டாததற்குப் போயிருந்தது.